பிள்ளைகளோடு டூசன்ஃப்ரீட்: களைத்து விழாமல் வீடு வர சில வழிகள்

கோடை விடுமுறைக்குப் பள்ளிக்கூடம் பூட்டியதும் ஒஸ்லோவில் சின்னப் பிள்ளைகள் உள்ள வீடுகளில் தொடங்கும் முதல் நச்சரிப்பு, "அம்மா, எப்ப டூசன்ஃப்ரீட் போறம்?" என்பதுதான். நகரத்துக்குத் தெற்கே ஏறக்குறைய 20 கிலோமீற்றர் தொலைவில், வின்டர்ப்ரூவில் 1988ஆம் ஆண்டு திறந்த விளையாட்டுப் பூங்கா அது. கொஞ்சம் வசதிப்பட்டால் கோத்தன்பேர்க், பில்லுண்ட், பாரிஸ் என்று பயணம் நீளும். பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம். தூக்கிச் சுமந்து, வரிசையில் நின்று, அழுகையையும் சமாளித்து வரும் பெரியவர்களுக்கோ இரண்டு நாளைக்கு உடம்பு அடித்துப் போட்ட மாதிரி இருக்கும். அந்தக் களைப்பையும் செலவையும் குறைக்க எங்கள் வீட்டிலும் தெரிந்தவர்கள் வீடுகளிலும் கைகொடுத்த சங்கதிகள் இவை.

1. இவ்வளவு காசு கட்டிவிட்டோம், பூட்டும்வரை நிற்கத்தான் வேண்டும் என்ற எண்ணத்தை வீட்டிலேயே விட்டுவிட்டுப் புறப்படுங்கள். பாதிக் களைப்பு அதனால் வருவதுதான். ரிக்கெட்டுக்குக் கட்டிய காசு மூன்று மணிக்கு வெளிக்கிட்டாலும் ஏழு மணிக்கு வெளிக்கிட்டாலும் ஒன்றுதான். பிள்ளை சிரித்த முகத்தோடு வீடு வந்தால் அந்தக் காசு முழுதாக வசூலாகிவிட்டது என்று வையுங்கள்.

2. ரிக்கெட்டை வாசலில் வாங்காமல் இணையத்தில் முன்கூட்டியே வாங்குங்கள். பெரும்பாலும் விலையும் குறைவு, வரிசையில் நிற்கும் நேரமும் மிச்சம். திகதியை மாற்ற முடியுமா என்பதையும் வாங்கும்போதே பார்த்துவிடுங்கள். காய்ச்சல் சொல்லிக்கொண்டு வருவதில்லை.

3. ஒரே கோடையில் இரண்டு தடவையாவது போகும் எண்ணம் இருந்தால், பருவ அட்டையின் விலையோடு ஒப்பிட்டு ஒரு கணக்குப் போடுங்கள். அட்டை கையில் இருந்தால் இன்றைக்கே எல்லாவற்றிலும் ஏறவேண்டும் என்ற அவதி இராது. இரண்டு மூன்று மணி நேரம் விளையாடிவிட்டு வந்துவிடலாம். ஐந்து வயதுக்குக் கீழே அதுவே போதும்.

4. புறப்படுவதற்கு முதல் நாள் கதவு நிலையோடு பிள்ளையை நிறுத்தி உயரத்தை அளந்துவிடுங்கள். ஒவ்வொரு விளையாட்டுக்கும் உரிய உயர எல்லை பூங்காவின் இணையத்தளத்தில் இருக்கும். ஏறக்கூடியவற்றை மட்டும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். அரை மணி வரிசையில் நின்றுவிட்டு உயரம் போதாது என்று திரும்ப நேர்ந்தால், அந்த அழுகையை அடக்க இன்னும் அரை மணி போய்விடும். 2001இல் வந்த மரத்தாலான தண்டர்கோஸ்டர், 2006இல் வந்த ஸ்பீட்மொன்ஸ்டர் எல்லாம் வளர்ந்த பிள்ளைகளுக்குரியவை. சின்னவர்களை அந்தப் பக்கமே கூட்டிப் போகாவிட்டால் நடையும் மிச்சம்.

5. சனி, ஞாயிறைத் தவிர்த்துக் கிழமை நாளில் போங்கள். ஒரு நாள் லீவு எடுப்பது நட்டம்போலத் தெரியும். ஆனால் பாதி வரிசையில் இரண்டு மடங்கு விளையாட்டு.

6. டென்மார்க்கின் பில்லுண்டில் உள்ள லெகோலாண்டுக்குப் போக நினைப்பவர்கள் ஆகஸ்ட் இரண்டாம் கிழமையைப் பாருங்கள். அங்கே பள்ளிக்கூடங்கள் அதற்குள் தொடங்கிவிடும், ஒஸ்லோவில் இன்னும் சில நாள் லீவு இருக்கும். அந்த இடைவெளியில் கூட்டம் குறைவு.

7. ஒஸ்லோவில் ஜூலையும் ஆகஸ்டும் மழை தாராளமாகப் பெய்யும் மாதங்கள். காலையில் தூறல் என்று 'இர்' வானிலைச் செயலியில் காட்டினால் பயணத்தை நிறுத்தவேண்டாம். பலர் வராமல் இருப்பார்கள், வரிசை சுருங்கிவிடும். இடி, காற்று என்றால் மட்டும் வேறு நாள் பார்க்கலாம்.

8. ஜூலையில் பார்னஹாகே (பாலர் பள்ளி) பூட்டும்போது, பிள்ளையின் கொளுக்கியில் தொங்கும் மழைச்சட்டையையும் பூட்ஸையும் மறக்காமல் வீட்டுக்குக் கொண்டுவந்துவிடுங்கள். அவசரத்துக்குப் பூங்காக் கடையில் பிளாஸ்ரிக் மழையங்கி வாங்கினால் ஒரு நாளோடு கிழிந்துவிடும்.

9. கனமான ஒரு மாற்று உடுப்பைவிட மூன்று சோடி உலர்ந்த காலுறை பயன். கால் காய்ந்திருந்தால் பிள்ளை சிணுங்காது. பெரியவர்களும் தங்களுக்கு ஒரு சோடி எடுத்துக்கொள்ளுங்கள். மத்தியானத்தில் காலுறை மாற்றிப் பாருங்கள், கால் உங்களுக்கு நன்றி சொல்லும்.

10. இந்த நாட்டில் மாட்பக்கே (சாப்பாட்டுப் பொதி) கட்டிக்கொண்டு போவதில் எந்த வெட்கமும் இல்லை. நோர்வேக்காரரே மேசையில் பொதியை விரித்துத்தான் சாப்பிடுவார்கள். நான்கு பேர் உள்ளே வாங்கிச் சாப்பிடும் காசில் ஒரு கிழமைச் சாப்பாட்டுச் சாமானின் பெரும்பகுதியை முடித்துவிடலாம்.

11. பிள்ளைகளுக்கு லொம்பே சுருள் செய்து பாருங்கள். கடையில் விற்கும் உருளைக்கிழங்கு லொம்பேயைத் தோசைக்கல்லில் இரண்டு பக்கமும் இலேசாகச் சூடாக்கி, வெங்காயம் போட்ட முட்டைப் பொரியலையோ தண்ணியில்லாத கிழங்குப் பிரட்டலையோ நீளமாக வைத்து இறுக்கிச் சுருட்டுங்கள். ஒவ்வொன்றையும் எண்ணெய்த்தாளில் சுற்றி நுனியை முறுக்கிவிட்டால், பிள்ளை தாளைக் கீழே கீழே இறக்கியபடி கடித்துக்கொண்டே நடக்கும். கை ஒட்டாது, சட்டையில் கறி படாது, ஆறினாலும் லொம்பே மெத்தென்றே இருக்கும். சம்பல் வைத்த சுருள்களுக்கு மட்டும் தாளில் ஒரு புள்ளி போட்டுவிடுங்கள். பெரியவர்களுடையது எது என்று தெரியும்.

12. நோர்வேக் குடும்பங்களிடமிருந்து எடுத்துக்கொள்ளவேண்டிய அருமையான வழி ஒன்று: பொல்சேயை (சொசேஜ்) தேர்மோசில் கொண்டுபோவது. வாய் அகன்ற தேர்மோசில் முதலில் கொதிநீர் ஊற்றிச் சூடாக்கி அந்த நீரை ஊற்றிவிடுங்கள். பிறகு அடுப்பில் சூடாக்கிய பொல்சேகளைப் போட்டுப் புதுக் கொதிநீரால் நிரப்பி மூடினால், மத்தியானம் திறக்கும்போது ஆவி பறக்கும். கோழி பொல்சேயும் கடைகளில் கிடைக்கிறது. எஞ்சியதைப் பின்னேரத்துக்கு வைத்திருக்கவேண்டாம்.

13. பழச்சாறு பெட்டிகளை முதல் நாள் இரவே உறைநிலைப் பெட்டியில் வைத்துவிடுங்கள். சாப்பாட்டுப் பைக்கு அதுவே ஐஸ் கட்டி. மத்தியானம் உருகியதும் குளிர்ந்த பானம்.

14. தண்ணீர்ப் போத்தலுக்கு ஒரு குரோனர் செலவழிக்கவேண்டாம். இந்த நாட்டில் குழாய்த் தண்ணீர் குடிக்க நல்லது; வெறும் போத்தலைக் கொண்டுபோய் நிரப்பிக்கொள்ளுங்கள். உள்ளே சோடா வாங்கினால் வெறும் போத்தலைக் கைவிடாதீர்கள், கடையின் பான்ட் இயந்திரத்தில் காசு திரும்பும்.

15. பிள்ளைக்கு ஒரு சின்னப் பெட்டி என்று தனித்தனியாகக் கொறிப்பது கொடுங்கள்: கச்சான், உலர்ந்த திராட்சை, மிக்சர், வெட்டிய அப்பிள். மூன்று வயதுக்காரருக்குக் கச்சான் வேண்டாம், தொண்டையில் சிக்கும். பெட்டி முடிந்தால் முடிந்ததுதான் என்று காலையிலேயே சொல்லிவிட்டால் கடைக்குக் கடை கையை இழுப்பது குறையும்.

16. பெரியவர்களுக்கு இஞ்சித் தேத்தண்ணி ஒரு தேர்மோஸ். இதற்கு விளக்கம் தேவையில்லை.

17. நான்கு, ஐந்து வயதுப் பிள்ளைக்கும் தள்ளுவண்டி கொண்டுபோங்கள். வீட்டில் வண்டியை விட்டுவிட்ட பிள்ளைதான் பின்னேரம் உங்கள் தோளில் ஏறும். உங்களிடம் இல்லாவிட்டால் தெரிந்தவர்களிடம் ஒரு நாள் இரவல் கேளுங்கள், அல்லது பழையது ஒன்றை 'ஃபின்' விற்பனைத் தளத்தில் தேடுங்கள்.

18. தள்ளுவண்டியின் கைபிடியில் பழைய சேலைக் கரைத் துண்டு ஒன்றைக் கட்டிவிடுங்கள். நூறு கறுப்பு வண்டிகள் நிறுத்திவைத்த இடத்தில் உங்கள் வண்டி தூரத்திலேயே தெரியும்.

19. நீல நிற இக்கியா பை இரண்டை மடித்து வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று நனைந்த உடுப்புக்கு, மற்றது புல்லில் விரித்து உட்கார. புல்லில் உருண்ட பிள்ளைகளுக்கு இரவில் முழங்கால் மடிப்பு, கழுத்து, காதோரம் எல்லாம் உண்ணி இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

20. காரில் போனால் எல்லாவற்றையும் உள்ளே சுமக்காதீர்கள். டிக்கியை அலுமாரியாக வைத்து, காலைக்குத் தேவையானதை மட்டும் எடுத்துக்கொண்டு போங்கள். தோள்பையில் குறையும் ஒவ்வொரு கிலோவும் பின்னேரம் உங்கள் இடுப்புக்குத் தெரியும்.

21. பஸ்ஸில் போவது சின்னப் பிள்ளைகளுக்கு அதுவே ஒரு விளையாட்டு. ஒஸ்லோவின் பொதுப் போக்குவரத்தான ரூட்டரில் 6 வயதுக்குக் கீழே ரிக்கெட் தேவையில்லை. பூங்கா ஒஸ்லோ வலயத்துக்கு வெளியே இருப்பதால், மாத அட்டை வைத்திருப்பவர்கள் முழு ரிக்கெட் வாங்காமல் கூடுதல் வலயத்துக்கு மட்டும் வாங்கினால் போதும். நிறுத்துமிடக் காசும் மிச்சம். திரும்பும்போது அப்பாவும் கண்ணை மூடலாம்.

22. காலையில் திறந்தவுடன் எல்லாரும் வாசலுக்கு அருகில் உள்ள முதல் விளையாட்டில் குவிவார்கள். நீங்கள் நேரே பின்கோடிக்குப் போய் அங்கிருந்து வாசலை நோக்கி வாருங்கள். வெளிக்கிடும் நேரம் வரும்போது கால் வாசலுக்குப் பக்கத்தில் இருக்கும்.

23. வரிசையில் நிற்கும் முன் கழிப்பறை. வரவில்லை என்று பிள்ளை சொன்னாலும் கூட்டிப் போங்கள்.

24. மத்தியானச் சாப்பாட்டைப் பதினொன்றரைக்கு முன் முடித்துவிடுங்கள். மேசையும் கிடைக்கும், மற்றவர்கள் சாப்பிடும் பன்னிரண்டு, ஒரு மணிக்கு வரிசைகளும் குறைந்திருக்கும். சாப்பிட்ட உடனே சுற்றும் விளையாட்டில் ஏற்றாதீர்கள், அரை மணியாவது ஆறவிடுங்கள்.

25. இரண்டு மணிக்கு நாலு வயதுப் பிள்ளையைக் கவனித்துப் பாருங்கள். கண்ணைக் கசக்கும், சப்பாத்தைக் கழற்றும், கையில் இருந்த ஐஸ்கிறீமை வேண்டாம் என்று திருப்பித் தரும், பிறகு காரணமே இல்லாமல் தரையில் இருந்துவிடும். அது குழப்படி அல்ல, களைப்பு. ஏசினால் இன்னும் கூடும். தள்ளுவண்டியைச் சாய்த்து, மேலே மெல்லிய துணியைக் காற்றுப் போக விட்டுப் போட்டு, சத்தம் குறைந்த மர நிழலில் அரை மணி நில்லுங்கள். தூங்காவிட்டாலும் பரவாயில்லை, கண்ணுக்கும் காதுக்கும் ஓய்வு கிடைத்தால் போதும்.

26. இரைச்சல் தாங்காத பிள்ளைகளுக்குக் காது மூடி கொண்டுபோங்கள். வீட்டில் துளைபோடும் வேலைக்கு வைத்திருப்பது அல்ல, பிள்ளைகளின் அளவில் விற்பது. பாட்டும் கூச்சலும் கலந்த இடத்தில் இரண்டு மணி நேரம் கூடுதலாகத் தாங்குவார்கள்.

27. வரிசையில் கைபேசியை நீட்டாதீர்கள். விளையாட்டு வரும் நேரத்தில் அதைத் திருப்பி வாங்குவது தனிப் போராட்டம். விடுகதை போடுங்கள், அல்லது சொல் அந்தாதி: ஒருவர் "மரம்" என்றால் மற்றவர் "ம"வில் ஒரு சொல். வீட்டில் தமிழ் கதைக்கப் பஞ்சிப்படும் பிள்ளையும் இதில் போட்டி போட்டுக்கொண்டு சேரும்.

28. இரண்டு பெரியவர்களும் எல்லாவற்றிலும் ஏறத் தேவையில்லை. ஒருவர் வரிசையில், மற்றவர் வாங்கில் என்று மாறி மாறி இருங்கள். மாமி, சித்தப்பா என்று பெரிய கூட்டமாகப் போனால், யார் எந்தப் பிள்ளைக்குப் பொறுப்பு என்று பெயர் சொல்லிப் பிரித்துவிடுங்கள். எல்லாரும் பார்க்கும் பிள்ளையை யாரும் பார்ப்பதில்லை.

29. பொம்மைக் கடை, சொக்கலேட் சில்லு எல்லாம் காசை உறிஞ்சும் இடங்கள். வீட்டிலிருந்து மூன்று பெரிய பொத்தான்களைப் பிள்ளையின் பொக்கெற்றில் போட்டுவிடுங்கள்: ஒரு பொத்தானுக்கு ஒரு சாமான், மூன்றும் முடிந்தால் அன்றைக்குக் கடை முடிந்தது. எதற்குக் கொடுப்பது என்று பிள்ளையே யோசிக்கத் தொடங்கிவிடும். நீங்கள் "இல்லை" சொல்லி வாய் நோகத் தேவையில்லை.

30. பாடெஃப்ரீட் நீர்விளையாட்டுப் பக்கத்தைக் காலையில் வைக்காதீர்கள். நனைந்த பிள்ளை நடுங்கிக்கொண்டு நாள் முழுக்க இழுபடும். வெயில் ஏறிய பிறகு வையுங்கள். முடிந்ததும் துவாயால் தலையைத் துடைத்து, மெல்லிய கம்பளி உள்சட்டை ஒன்றைப் போட்டுவிடுங்கள். கோடையிலும் இங்கே அது வேண்டும்.

31. மருந்துக்கடை ஒட்டுநாடாவில் உங்கள் கைபேசி இலக்கத்தை எழுதிப் பிள்ளையின் முன்கையின் உட்புறம் ஒட்டுங்கள். வியர்வையிலும் எளிதில் போகாது. வெளிநாட்டுப் பயணம் என்றால் முன்னால் 0047 சேர்க்க மறக்கவேண்டாம்.

32. வாசலில் நுழைந்ததும் பிள்ளைகளை நிறுத்தி ஒரு படம் எடுங்கள். தவறிப்போனால் என்ன நிறச் சட்டை என்று தடுமாறாமல் அன்றைய படத்தையே காட்டலாம். வழி தவறினால் சீருடை போட்டவரிடம் போய்ப் பெயர் சொல்லவேண்டும் என்று பிள்ளைக்கு நோர்வேஜிய மொழியிலேயே சொல்லிப் பழக்குங்கள்.

33. ஊரிலிருந்து வந்த அம்மம்மாவை நாள் முழுக்கப் பைக்குக் காவல் வைக்காதீர்கள். சேர்ந்து சாப்பிடவும் ஒரு மெதுவான விளையாட்டில் பேரப்பிள்ளையோடு ஏறவும் அவருக்கும் நேரம் ஒதுக்குங்கள். நடக்க முடியாதவர் என்றால் அன்றைக்கு வீட்டில் இருப்பதே அவருக்கு நிம்மதி. ரிக்கெட் காசில் அவரோடு இன்னொரு நாள் வேறிடம் போகலாம்.

34. "போவோம்" என்று திடீரென்று சொல்லாதீர்கள். "இன்னும் இரண்டு விளையாட்டு, கடைசியை நீ தெரிவு செய்" என்று பொறுப்பைப் பிள்ளையிடம் கொடுங்கள். தான் தெரிவு செய்ததில் ஏறி இறங்கிய பிள்ளை வாசலில் குறைவாகவே அழும்.

35. கார் நிறுத்துமிடத்திலேயே முகம் கழுவி, பல் துலக்கி, இரவு உடுப்பு மாற்றிவிடுங்கள். வழியில் தூங்கினால் அப்படியே தூக்கிக் கட்டிலில் போடலாம். எழுப்பிக் குளிப்பாட்டும் கரைச்சல் இல்லை.

36. ஜூன் கடைசியில் ஒஸ்லோவில் சூரியன் மறைய இரவு பத்தரை தாண்டிவிடும். வெளிச்சத்தில் களைத்த பிள்ளைக்கும் தூக்கம் வராது. விடுதியிலோ சிறுகுடிலிலோ தங்கினால் இருண்ட நிறப் படுக்கை விரிப்பு ஒன்றும் ஆறேழு துணிக் கவ்விகளும் கொண்டுபோங்கள். யன்னல் சீலையோடு சேர்த்துக் கவ்விவிட்டால் அறை இருண்டுவிடும்.

37. இரவுச் சாப்பாட்டைக் காலையிலேயே முடித்துக் குளிர்ப்பெட்டியில் வையுங்கள்: சோறு, பருப்பு, ஒரு ரசம். களைத்து வந்து பீட்சாவுக்குச் சொன்னால் பகல் முழுக்க மிச்சம் பிடித்தது அங்கே போய்விடும். சாப்பாடு சூடாகும் நேரத்தில் வெந்நீரில் உப்புப் போட்டுப் பெரியவர்கள் காலை வைத்திருங்கள்.

38. மறுநாளை வெறும் நாளாக விடுங்கள். சந்திப்பு, கலியாண வீடு எதுவும் வேண்டாம். பிள்ளைகளுக்குச் சலித்தால் குரூருடில் உள்ள பாடெடாமன் குளக்கரை மணல் போதும். சொங்ஸ்வான் ஏரியைச் சுற்றிய 3.3 கிலோமீற்றர் பாதையில் தள்ளுவண்டியும் போகும். சொங்ஸ்வான் போகும் ஐந்தாம் இலக்கச் சுரங்க ரெயினின் கடைசித் தரிப்பில் இறங்கினால் ஏரி பக்கத்தில்.

39. உண்மையைச் சொன்னால், மூன்று வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைக்கு இந்தப் பெரிய பூங்காக்கள் அவசியமே இல்லை என்பது என் எண்ணம். ஃப்ரொங்னர் பூங்காவின் விளையாட்டிடம், 2017இல் திறந்த ஸ்தோவ்னர் கோபுரத்தின் வளைந்து ஏறும் நடைபாதை, ரூட்டர் ரிக்கெட்டிலேயே போகும் ஹூவெடோயா தீவுப் படகு: முதல் இரண்டுக்கும் கட்டணமே இல்லை. அந்த வயதில் ஊஞ்சலும் தண்ணீரும் தரும் சந்தோஷத்தை எந்த இயந்திரமும் கூடுதலாகத் தராது.

40. 1923இல் திறந்த லீசெபெரி பூங்காவுக்குக் கோத்தன்பேர்க் போகிறவர்கள் எல்லையில் உள்ள ஸ்வினேசுண்ட் கடைகளைத் திரும்பும் வழிக்கு வையுங்கள். போகும்போது இறங்கினால் பிள்ளைகள் கடைக்குள்ளேயே களைத்துவிடுவார்கள், வாங்கிய இறைச்சியும் காரில் கிடந்து பழுதாகும். லீசெபெரியில் சின்னவர்களுக்கென்றே முயல் நாடு என்று ஒரு பகுதி உண்டு. நேரே அதற்குப் போங்கள்.

41. கிறிஸ்தியான்சாண்ட் டீரபார்க்கன் விலங்குப் பூங்கா ஒஸ்லோவிலிருந்து நான்கு மணி நேர ஓட்டம். அதை ஒரே நாளில் போய்வரும் பயணமாக வைக்கவே வேண்டாம். விலங்குகளும் கார்டெமொம்மே நகரமும் பார்க்க இரண்டு அரைநாள்கள் என்று பிரியுங்கள். தோர்பியோர்ன் எக்னர் எழுதிய அந்த நகரத்துக் கதையை முதல் கிழமையே நூலகத்தில் எடுத்து வாசித்துக் காட்டினால், வீதியில் நடப்பதே பிள்ளைக்கு விளையாட்டாகிவிடும். ஏறி இறங்கும் வரிசைகள் தேவைப்படாது.

42. பாரிஸில் சொந்தக்காரர் வீட்டில் தங்கி டிஸ்னிலாண்ட் போகும் நம்மவர்கள் நிறையப் பேர். லா சப்பல் பக்கமிருந்து புறப்பட்டால் ஷாத்தலே லே ஆல் போய் டிஸ்னிலாண்ட் பக்கம் போகும் ஆர்.இ.ஆர். ஏ ரெயின் பிடியுங்கள்; கடைசித் தரிப்பில் இறங்கினால் பூங்கா வாசல், ஷாத்தலேயிலிருந்து ஏறக்குறைய 40 நிமிடம். அன்றிரவு பெரியப்பா வீட்டு விருந்தை மட்டும் அன்பாக மறுநாளைக்கு மாற்றிக் கேளுங்கள். பன்னிரண்டு மணிக்குக் கொத்து ரொட்டிக்கு முன்னால் தூங்கி விழும் பிள்ளையைப் பார்க்க அவர்களுக்கும் பாவமாக இருக்கும்.

43. பாரிஸ் டிஸ்னிலாண்டில் 3 வயதுக்குக் கீழே நுழைவு இலவசம். வயதைக் காட்டக் கடவுச்சீட்டைக் கையில் வைத்திருங்கள். சின்னது ஏற முடியாத விளையாட்டுகளில், ஒருவர் ஏற மற்றவர் பிள்ளையோடு நின்று, பிறகு மீண்டும் முழு வரிசை நிற்காமல் மாறி ஏறும் வசதி இருக்கிறதா என்று வாசலில் நிற்பவரிடம் கேளுங்கள். பாரிஸின் ஜூலை வெயில் ஒஸ்லோ வெயில் அல்ல; தொப்பியும் வெயில் கிறீமும் கட்டாயம்.

44. ஒக்டோபரில் டூசன்ஃப்ரீட் ஹலோவீன் கோலத்துக்கு மாறும். சின்னவர்களோடு என்றால் பகலிலேயே போய்விட்டு இருட்டு முன் வந்துவிடுங்கள். பயந்த பிள்ளை அந்தக் கிழமை முழுக்க உங்கள் கட்டிலில்தான் படுக்கும்.

45. கோடை முடிந்ததும் சின்னதாகிப்போன மழைச்சட்டை, காது மூடி, மடிக்கும் தள்ளுவண்டி எல்லாவற்றையும் கழுவிக் காயவைத்து, அளவை ஒரு துண்டில் எழுதி ஒட்டிவிடுங்கள். தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் சனிக்கிழமை பிள்ளையை விடப் போகும்போது, அடுத்த கோடைக்கு யாருக்குத் தேவை என்று வாய் திறந்து கேளுங்கள். கட்டாயம் ஒரு குடும்பம் இருக்கும்.